வீட்டில் கூப்பிடும் பெயர்

இந்த விடைத்தாள் கட்டிலும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாசல் வழியாகத்தான் பொருட்காட்சிக்குள் போயிருந்தார்கள். வாசலில் இரண்டு வாழைமரம், வண்ண விளக்கு, வருக வருக என்று ஒரு வளைவு, நுழைந்ததும் இடப்பக்கம் குளிர்பானக் கடை. எந்த உரைநூலில் கட்டிவைத்த வாசலோ, மாவட்டம் மாவட்டமாகப் பிள்ளைகள் வரிசையாக அதற்குள் போய், அதே டெல்லி அப்பளத்தைத் தின்று, அதே ராட்டினத்தில் ஏறி, 'இன்பமும் அறிவும் ஒருங்கே பெற்றேன்' என்று முடிவுரையில் இறங்கி வீட்டுக்குப் போகிறார்கள். ஒரு பிள்ளைக்காவது மழை பெய்ததா, ஒரு பிள்ளைக்காவது செருப்பு அறுந்ததா என்றால் கிடையாது. பியூலா டீச்சர் சிவப்புப் பேனாவால் முன்னுரைக்கு ஒரு சரி, முடிவுரைக்கு ஒரு சரி, உட்தலைப்புக்குச் சின்னச் சின்னதாகச் சரி என்று போட்டுக்கொண்டே போனாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விடைத்தாள் திருத்தும் முகாம் ஒரு மாதிரிக் கிறங்கிக் கிடக்கும். மூலையில் நின்ற நெட்டை மின்விசிறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. அது மின்சாரத்தால் ஆடுகிறது. இல்லை இல்லை என்று சொல்லத்தான் ஆடுகிறது என்று ஒருவன் எழுதினால் அதற்குத் தற்குறிப்பேற்ற அணி என்று பெயர். இயல்பாக நடக்கிற காரியத்தின் மேல் நம் மனத்தில் இருப்பதைத் தூக்கி வைப்பது. வகுப்பில் எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறாள். சொல்லிக்கொடுத்தவளுக்கே இன்றைக்குக் காலையிலிருந்து அந்த விசிறி இல்லை இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் கட்டுரைக்குப் பொருட்காட்சியைக் கேட்பார்கள் என்று அவள் நினைக்கவே இல்லை. முன்னுரை, நுழைவாயில், கடைகள், அறிவிப்பு, கலை நிகழ்ச்சி, முடிவுரை என்று குறிப்பு வேறு கொடுத்திருக்கிறார்கள். அறிவிப்பு. அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டிருக்கக் கூடாதா? எல்லாப் பிள்ளைகளும் அதன் கீழே 'பணப்பையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், குப்பையைத் தொட்டியில் போடுங்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்' என்று எழுதியிருந்தார்கள். நல்ல பிள்ளைகள். உரைநூல் எழுதியவனும் நல்லவன்தான். வேறு எந்த அறிவிப்பும் அவனுக்குத் தோன்றவில்லை. ஆற்றங்கரைத் திடலில் மணலை மிதித்துக்கொண்டு கூட்டம் போகிற சத்தம் இருக்கிறதே, அது பேச்சுச் சத்தம் மாதிரி இருக்காது, உலை கொதிக்கிற மாதிரி இருக்கும். அதற்கு மேலே மைக் சத்தம். அப்பா முன்னால், அம்மா பின்னால், நடுவில் எட்டாம் வகுப்புப் பியூலா, அவள் கையில் தம்பியின் கை. எண்ணெய் பிசுபிசுத்த கை. அப்பளம் தின்ற கை. அது எப்போது தன் கையிலிருந்து நழுவியது என்று இன்றைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. வளையல் கடையிலா, மரணக் கிணற்றுக்கு முன்னாலா? நினைத்துப் பார்க்கப் பார்க்க அந்த இடத்தில் மட்டும் விளக்கு அணைந்துவிடும். அதற்கு முன்னால் கை இருக்கிறது, அதற்குப் பின்னால் பிசுபிசுப்பு மட்டும் இருக்கிறது.

"என்ன டீச்சர், தூங்குதியளா?" என்றாள் பக்கத்து நாற்காலி மும்தாஜ். இவளும் தமிழ் டீச்சர்தான், கடையநல்லூர்க்காரி, கை பாட்டுக்குத் திருத்தும், வாய் பாட்டுக்குப் பேசும். "சீஃப் பாத்துக்கிட்டே இருக்காவ. ஒரு டீ குடிங்க." சீஃப் என்றால் இந்த அறைக்கு முதன்மைத் தேர்வாளர் ஆறுமுகநயினார் ஐயா. இவர்கள் திருத்தியதையெல்லாம் அவர் மறுபடியும் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். காலையில் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "உட்தலைப்பு இருக்கா பாருங்க, முன்னுரை முடிவுரை இருக்கா பாருங்க, பேச்சுவழக்கு வந்தா வெட்டுங்க. நடுவுல பிள்ள என்ன சொல்லுதுன்னு ரொம்ப ஆராய வேண்டாம், வெளங்குதா?" அவரைக் குறை சொல்லக்கூடாது. எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வேண்டுமே. பியூலாவும் அப்படித்தான் வகுப்பில் சொல்கிறாள். முன்னுரை என்பது வாசல், முடிவுரை என்பது தாழ்ப்பாள் என்பாள். எழுத்துத் தமிழில் எழுது, வீட்டில் பேசுகிற மாதிரி எழுதாதே, பரீட்சைத் தாள் உன் வீட்டு அடுக்களை இல்லை என்பாள். சொல்லிவிட்டு, பிள்ளைகள் முகத்தைப் பார்க்காமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஏனென்றால் அன்றைக்குத் திடலில் தம்பியைக் காணோம் என்று வாசித்த அறிவிப்பை எழுதியவளே அவள்தான். அந்த வாரம்தான் மாவட்டக் கட்டுரைப் போட்டியில் அவளுக்கு முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் குடம், அதில் பெயர் வெட்டியிருந்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியாத பெருமை. பொருட்காட்சிக்கு வந்ததே அந்தப் பெருமையில்தான். பிள்ளையைக் காணோம் என்றதும் மைக் கொட்டகைக்கு ஓடினார்கள். மைக்காரர் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டி விவரம் எழுதித் தரச் சொன்னார். அப்பா அதை வாங்கி அவளிடம் கொடுத்தார். "நீ எழுது பியூலா, நீதான் நல்லா எழுதுவியே." அவள் எழுதினாள். அழுதுகொண்டேதான் எழுதினாள், ஆனாலும் நன்றாக எழுதினாள். 'நீலநிறக் கோடிட்ட மேற்சட்டை அணிந்த, மாநிறமுடைய, நான்கு வயது நிரம்பிய செல்வின் இம்மானுவேல் என்னும் சிறுவனைக் காணவில்லை. அவனைக் காண்போர் அன்புகூர்ந்து ஒலிபெருக்கி நிலையத்தில் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.' ஒரு பிழை கிடையாது. மைக்காரர் வாசித்துவிட்டு, "பாப்பா அருமையா எழுதியிருக்கே" என்று சொன்னார். அந்த நேரத்திலும், பிள்ளையைத் தொலைத்துவிட்டு நின்ற அந்த நேரத்திலும், அவளுக்கு அது இனித்தது. இதை யாரிடம் சொல்ல முடியும்? மைக்காரரும் நல்ல குரல்வளம் உள்ளவர், ஏற்ற இறக்கத்தோடு திடல் முழுக்க வாசித்தார், கூட்டம் கலைகிற வரைக்கும் வாசித்தார். செல்வின் இம்மானுவேல். ஞானஸ்நானத்தில் போதகர் வைத்த பெயர். அதற்குப் பிறகு அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் இன்னும் சேர்க்கவில்லை, வருகைப் பதிவில் கூப்பிட ஒரு வாத்தியாரும் இல்லை. வீட்டில் அவன் பூச்சி. ஒல்லியாகப் பிறந்ததால் பூச்சி. ஏ பூச்சி, வால பூச்சி, பூச்சி சாப்பிட்டானா. வாடா என்பதற்கு அந்த ஊரில் வால. அவனிடம் உன் பேரென்ன என்று கேட்டால் நெஞ்சில் கை வைத்துப் பூச்சி என்பான்.

பேனா முனை காகிதத்தில் அழுத்தி ஒரு சிவப்புப் பொட்டு விழுந்துவிட்டது. ஊதி உலர்த்தினாள். மைக்கில் பூச்சி என்று சொன்னால் திடலே சிரிக்கும் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. குடம் வாங்கிய பெண். அம்மாகூடச் சொன்னாள், "பூச்சின்னு சொல்லச் சொல்லுட்டி" என்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. "சும்மா இரும்மா, மைக்குல போயி அப்படியெல்லாம் சொல்ல மாட்டாவ" என்று இவள்தான் அதட்டினாள். இரவுகளில் இவளுக்கு வருகிற காட்சி அம்மா அழுததோ அப்பா போலீஸ் ஸ்டேஷன் படியேறியதோ அல்ல. ஏதோ ஒரு கடைக்குப் பின்னால், சாக்குத் திரைக்குக் கீழே, பூச்சி குந்தி உட்கார்ந்திருக்கிறான். மேலே மைக் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அவனும் கேட்கிறான். பாவம், யாரோ ஒரு பையனைக் காணோமாம், செல்வின் என்று ஒரு பையன், அவனுடைய அக்கா அவனைத் தேடுகிறாளாம் என்று நினைக்கிறான். நம்முடைய அக்கா ஏன் இன்னும் நம்மைக் கூப்பிடவில்லை என்று நினைக்கிறான். அப்புறம் எழுந்து, கூட்டம் போகிற பக்கம் போய்விடுகிறான்.

அடுத்த தாளைப் புரட்டினாள். முகப்புச் சீட்டைக் கிழித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள், பெயர் கிடையாது, ஊர் கிடையாது, ஒரு எண் மட்டும் இருக்கும். எங்கோ தூரத்து மாவட்டம் என்பது மட்டும் பொதுவாகத் தெரியும். நீல மை, வலப்பக்கம் சாய்கிற எழுத்து. செய்யுள் பகுதியில் பாதி காலி. உருவக அணிக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் உவமையை எழுதியிருக்கிறது. உரைநடை வினாக்களில் சுற்றிச் சுற்றி ஒன்றையே எழுதியிருக்கிறது. கூட்டிப் பார்த்தாள். கரையேறுகிற தாள் இல்லை, ஆனால் கரைக்குப் பக்கத்தில் வந்து தவிக்கிற தாள். கட்டுரையில் கிடைப்பதை வைத்துத்தான் இந்தப் பிள்ளை தேறும், இல்லாவிட்டால் இல்லை. கட்டுரையைப் பார்த்தாள். முன்னுரை இல்லை. வாழைமரம் இல்லை, வளைவு இல்லை. 'அப்பாவுக்குப் பொருட்காட்சி பிடிக்காது. நான் அழுததால் கூட்டிப் போனார்' என்று நேராகத் தொடங்கியிருந்தது. 'அப்பா என் கையை விடவே இல்லை. என் கை வலித்தது. விடுங்க என்றேன். விடமாட்டேன் என்றார்.' உட்தலைப்பு என்று ஒன்றே ஒன்றுதான். அறிவிப்பு.

பியூலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள். 'மைக்கில் ஒரு பிள்ளையைக் காணோம் என்று சொன்னார்கள். தேவதர்ஷன் என்று பேர் சொன்னார்கள். திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அப்பா அப்பளத்தைக் கீழே போட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினார். அங்கே ஒரு அம்மா அழுதுகொண்டிருந்தார். அப்பா மைக்காரரிடம், வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லுங்க, சின்னப் பிள்ளைக்கு அதுதான் தெரியும் என்றார். அந்த அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு கொழுக்கட்டை என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. ஏ கொழுக்கட்டை அம்மா இங்க நிக்கேன் வா என்று அந்த அம்மாவையே மைக்கில் சொல்லச் சொன்னார். பஞ்சுமிட்டாய்க் கடைக்குப் பின்னால் இருந்து ஒரு பையன் வந்தான். அப்பா ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். பிறகு எனக்கு ராட்டினம் வேண்டாம் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்துவிட்டோம்.' அவ்வளவுதான். முடிவுரை இல்லை. கீழே இருந்த வெற்றிடத்தில் குறுக்கே ஒரு கோடு அடித்திருந்தது.

விசிறி இந்தப் பக்கம் திரும்பியது, காகிதம் படபடத்தது, அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். யார் இந்த அப்பா? பிள்ளையின் கை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டு போகிற அப்பா. சின்னப் பிள்ளைக்கு அதுதான் தெரியும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பூச்சி இருந்தால் அவனுக்கும் இப்போது பத்தாம் வகுப்புப் படிக்கிற வயதில் பிள்ளை இருக்கும். தூரத்து மாவட்டம். ரயிலில் ஏறியிருப்பான் என்று போலீஸ்காரர் ஒருவர் அப்போதே சொன்னாரே. 'நிக்கேன்' என்று எழுதியிருக்கிறதே, தெற்கத்திப் பேச்சல்லவா, தூரத்து மாவட்டத்துப் பிள்ளைக்கு அந்தச் சொல் எப்படி வந்தது, அந்த அப்பா வாயிலிருந்து வந்ததா? தாளின் மேலே இருந்த எண்ணை அவள் கண்கள் தாமாகவே படித்தன. ஒருமுறை படித்ததும் அது மனத்தில் ஒட்டிக்கொண்டது. இந்த எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா? அலுவலகத்தில் யாரையாவது பிடித்து, காலில் விழுந்து? வேலை போகும், போகட்டும். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான். அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் போய் நின்று என்ன சொல்வது? உள்ளேயிருந்து வழுக்கை விழுந்த ஒரு ஆள் வந்து யாரும்மா நீங்க என்று கேட்டால், என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

ஒலிபெருக்கியில் யாரையோ அழைத்தார்கள். முகாமில் மாலை வரைக்கும் இதே வேலைதான், வண்டியை எடுங்கள், சாவியைக் காணோம், சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். 'தேர்வாளர் திருமதி எஸ்தர் ராஜகுமாரி உடனே அலுவலகத்துக்கு வரவும்.' பியூலா தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'தேர்வாளர் எஸ்தர் ராஜகுமாரி எங்கிருந்தாலும் வரவும்.' யார் இந்த அம்மா, இவ்வளவு நேரமாகக் கூப்பிடுகிறார்கள், காதில் விழவில்லையா என்று லேசாக எரிச்சல்கூட வந்தது அவளுக்கு. மறுபடியும் கூப்பிட்டார்கள். மும்தாஜ் பேனாவை வைத்துவிட்டுத் தோளைப் பிடித்து உலுக்கினாள். "டீச்சர், உங்களத்தான் கூப்பிடுதாவ. உங்க பேருதான அது? ஆர்டர்ல அப்படித்தான இருந்துச்சு?" ஆமாம். அது அவள் பெயர்தான். சான்றிதழில், சம்பளப் பட்டியலில், எல்லாவற்றிலும் உள்ள பெயர். பியூலா வீட்டில் கூப்பிட்டு எல்லார் வாயிலும் நின்றுவிட்ட பெயர். அம்பது வயது தாண்டிய, படித்த, தமிழ் சொல்லிக்கொடுக்கிற ஒரு மனுஷி, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டும், அது யாரோ என்று உட்கார்ந்திருந்தாள். நான்கு வயசுப் பிள்ளை என்ன செய்யும்? அழுகை வந்துவிட்டது. "வெயில், ஒண்ணுமில்ல" என்று மும்தாஜிடம் சொல்லிவிட்டுப் போய் அலுவலகத்தில் எதிலோ கையெழுத்துப் போட்டுவிட்டு, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தாள்.

தாள் அப்படியே இருந்தது. இப்போது மதிப்பெண் போட வேண்டும். முழுதாகப் போட்டுவிடத்தான் கை துடித்தது. அங்கேதான் அவளுக்குள் இருந்த வாத்தியார் கையைப் பிடித்துக்கொண்டாள். யாருக்குப் போடுகிறாய்? இந்தப் பிள்ளைக்கா, பூச்சிக்கா? ஒரு நல்ல மனுஷன் ஊர்ப் பிள்ளைக்காக ஓடியிருக்கிறான். அவன் யாருக்கோ அப்பா, அவ்வளவுதான். அவன் மேல் உன் தம்பியைத் தூக்கி வைத்துப் பார்ப்பது நீ. விசிறி தலையாட்டினால் இல்லை என்று சொல்கிறதாக நினைக்கிறவளும் நீதான். தெற்கத்திப் பேச்சுப் பேசுகிறவர்கள் இந்த நாட்டில் எந்த ஊரில் இல்லை, யாருடைய அண்ணாச்சி கடை எங்கே இல்லை. சரி, பூச்சியை எடுத்துவிட்டு வாசி. முயன்று பார்த்தாள். அவனை மெதுவாக, மடியிலிருந்து தூங்குகிற பிள்ளையை இறக்கி வைக்கிற மாதிரி அந்தத் தாளிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு, யாரோ எழுதிய தாளை யாரோ வாசிக்கிற மாதிரி முதல் வரியிலிருந்து வாசித்தாள். அப்பாவுக்குப் பொருட்காட்சி பிடிக்காது. கை வலித்தது. எல்லாரும் சிரித்தார்கள், அப்பா சிரிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்வது, அதற்கும் அணி என்றுதான் பெயர், இயல்பு நவிற்சி அணி. பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் அணிகளில் அதைத்தான் யாரும் மதிப்பதில்லை, இதில் என்ன இருக்கிறது, சும்மா இருப்பதைத்தானே சொல்கிறது என்பார்கள். பூச்சி இல்லாமலும் அந்தக் கட்டுரை நின்றது. பிள்ளை தேறுகிற அளவுக்கு, அதற்கு மேல் ஒன்றும் கூட்டாமல், மதிப்பெண்ணைப் போட்டு வட்டமிட்டாள்.

ஆறுமுகநயினார் ஐயா அந்தத் தாளைத்தான் சரியாகப் பிடித்தார். "என்ன டீச்சர் இது? முன்னுரை எங்க? முடிவுரை எங்க? நிக்கேன், வான்னு எழுதியிருக்கு. நீங்களா இவ்வளவு போட்டிருக்கிய?" பியூலா வந்து அவர் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். "ஐயா, அறிவிப்புன்னு நாமதான குறிப்பு குடுத்தோம். எல்லாப் பிள்ளையும் குப்பைத் தொட்டிய எழுதியிருக்கு. ஒரு அறிவிப்பு எப்படிச் சொன்னா பிள்ள கெடைக்கும்னு இந்த ஒரு பிள்ளதான் எழுதியிருக்கு. அந்தப் பகுதிய மட்டும் வாசிச்சுப் பாருங்க. அதுக்குப் பொறவும் வெட்டணும்னா வெட்டுங்க." அவர் உதட்டை அசைத்து வாசித்தார். கொழுக்கட்டையில் சிரித்தார். அடுத்த வரிக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "எங்க வீட்டுல என்னைய மொட்டைன்னுதான் கூப்பிடுவாவ" என்றார், யாரிடமும் அல்லாமல். கையெழுத்துப் போட்டுத் தாளைக் கட்டுக்குள் செருகினார். கயிற்றை இறுக்கிக் கட்டியபோது அந்த எண் பியூலாவின் மனத்தில் இன்னும் இருந்தது. படிக்கட்டில் இறங்குகையில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், நடுவில் ஒரு இலக்கம் தடுமாறியது. திருத்திச் சொல்லிப் பார்க்கவில்லை. அது போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. டீச்சர்மார்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். வராந்தாவில் மைக்செட்காரர் கம்பியை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார், மைக் மட்டும் இன்னும் மேஜை மேல் இருந்தது. பியூலா அதன் முன்னால் போய் நின்றாள். மணல் வாசனை வந்தது, சுட்ட எண்ணெய் வாசனை வந்தது, உலை கொதிக்கிற மாதிரி ஒரு கூட்டம் எங்கோ நடந்துகொண்டிருந்தது. அந்தத் துண்டுக் காகிதத்தை அவள் மனத்துக்குள் எத்தனை முறை திருத்தி எழுதியிருக்கிறாள், மேற்சட்டையைச் சட்டை ஆக்கி, அன்புகூர்ந்து என்பதை அடித்து. வாய்விட்டுச் சொன்னது மட்டும் இல்லை.

"லைனக் கழட்டியாச்சு டீச்சர். இதுல பேசுனா கேக்காது" என்றார் மைக்செட்காரர்.

"தெரியும்" என்றாள் பியூலா. குனிந்து, மைக்குக்கு நெருக்கமாக வாயை வைத்துக்கொண்டாள்.

"ஏ பூச்சி. அக்கா இங்க நிக்கேன். வால."